அத்தியாயம் 7: தானாக இறங்கும் எண்ணெய்

திருகோணமலையில் எண்ணெய் என்றதும் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கும் குதங்கள்தான் நினைவுக்கு வரும். பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களின் எரிபொருளுக்காகக் கட்டியவற்றில் எஞ்சி நிற்கும் 99 தாங்கிகள். ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன் அளவில் கொள்ளும். இந்த அத்தியாயம் பேசுவது சொட்டுக் கணக்கில் செலவாகும் எண்ணெயைப் பற்றி. நெல் ஆலையின் நீள ஷாப்ட், மரம் அரியும் வாள், படகைக் கரையேற்றும் வின்ச், ஆழ்கிணற்றுப் பம்ப், இழுவைப் படகின் புரொப்பெல்லர் ஷாப்ட் போன்றவற்றில் பேரிங்குக்கு எண்ணெயை மேலிருந்து இறக்கிவிடும் பழைய ஏற்பாடு இன்னும் வழக்கில் உண்டு. அதற்குப் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எண்ணெயின் நிறையே எண்ணெயைக் கொண்டுபோகிறது.

கெட்டுப்போக இதில் அதிகம் உறுப்புகள் இல்லை. இருந்தும், கருகிப்போன பேரிங்குக்கு மேலே கிண்ணம் நிறைய எண்ணெய் இருப்பதைப் பல இடங்களில் காணலாம். நிறை தரும் தள்ளுவிசை மிகச் சிறியது என்பதுதான் காரணம். எதிரே கொஞ்சம் தடை வந்தாலும் எண்ணெய் நின்றுவிடும். மூடியில் உள்ள காற்றுத் துளை, பேரிங்கில் எண்ணெய்த் துளை இருக்கும் பக்கம், படகில் எண்ணெய் ஊட்டும் மேல்தாங்கி நிற்கும் உயரம் ஆகிய மூன்றும்தான் அந்தத் தடை பெரும்பாலும் வரும் இடங்கள். பழுது பார்க்கப் போனால் முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

7.1 எந்த பேரிங்குக்குப் பொருந்தும்

பித்தளை, வெண்கலம், வெள்ளை உலோகம் ஆகியவற்றால் ஆன புஷ் பேரிங்குகளுக்கும், சங்கிலிகளுக்கும், வழுக்குத் தளங்களுக்கும் சொட்டு எண்ணெய் பொருந்தும். ஷாப்ட் மெதுவாகச் சுழல வேண்டும். 50 மில்லிமீற்றர் ஷாப்ட் நிமிடத்துக்கு 300 சுற்று ஓடினால் அதன் மேற்பரப்பு விநாடிக்கு 0.8 மீற்றர் அளவில்தான் நகர்கிறது. இந்த வேகம் சொட்டுக் கிண்ணத்துக்கு மிக வசதியானது.

கிறீஸ் அடைத்து மூடிய போல் பேரிங்குக்கு இது வேண்டாம். புதிய மோட்டர்களிலும் புதிய அரிசி ஆலை இயந்திரங்களிலும் வருபவை பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றுக்கு மேலே கிண்ணம் பூட்டி எண்ணெய் விட்டால் உள்ளே இருக்கும் கிறீஸ் கரைந்து வழிந்துவிடும்.

7.2 கிண்ணத்தின் உறுப்புகள்

ஆலைகளில் ‘ஒயில் கப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது இதைத்தான். மேலே கண்ணாடி உடல். அதன் மூடியில் எண்ணெய் ஊற்றும் வாயும், ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத் துளையும் இருக்கும். நடுவே ஒரு நீண்ட ஊசி. அதன் கூர்முனை அடியில் உள்ள சிறு வாயில் அமர்ந்திருக்கும். ஊசியின் தலையில் ஒரு சிறிய நெம்பும், விளிம்பில் வெட்டுக்கள் போட்ட ஒரு நட்டும் உண்டு. உடலுக்குக் கீழே இன்னொரு சிறிய கண்ணாடி. வைத்தியசாலையில் சேலைன் ஏற்றும்போது குழாயின் நடுவே சொட்டு விழுவதைத் தாதி எண்ணிப் பார்ப்பாரே, அதே வேலையை இந்தக் கண்ணாடி செய்கிறது.

நெம்பும் நட்டும் வெவ்வேறு வேலைக்கு உரியவை. நெம்பை நிமிர்த்தினால் எண்ணெய் ஓடும், மடக்கினால் நிற்கும். நட்டு, ஊசி எவ்வளவு உயர வேண்டும் என்பதை, அதாவது சொட்டின் வேகத்தை, முடிவு செய்கிறது. மாலையில் இயந்திரத்தை நிறுத்தும்போது நெம்பை மட்டும் மடக்குங்கள். நட்டைத் திருகி மூடினால் பாடுபட்டு அமைத்த வேகம் போய்விடும். மறுநாள் காலையில் வேறொருவர் தன் மனம்போனபடி திறப்பார்.

மூடியின் காற்றுத் துளைதான் முதலாவது தடை வரும் இடம். எண்ணெய் இறங்க இறங்க அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். துளை தூசியாலோ பெயின்டாலோ அடைபட்டால் உள்ளே காற்றழுத்தம் குறையும். வெளிக்காற்று கீழிருந்து எண்ணெயைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். முதல் கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சொட்டி, பிறகு இடைவெளி கூடி, அப்புறம் நின்றுபோகும் கிண்ணத்தைக் கண்டால் வேறெதையும் கழற்றாமல் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். உடனே சொட்டு விழுந்தால் குறை அந்தத் துளையில்தான்.

நீராவி இயந்திரக் காலத்தில் இதே சிக்கல் வேறு வடிவில் இருந்தது. சிலிண்டருக்குள் நீராவி அழுத்தம் நிற்கும்போது மேலிருந்து எண்ணெய் தானாக இறங்காது. ரயில் இயந்திரங்களை நிறுத்தி நிறுத்திக் கையால் எண்ணெய் விட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் ரயிலில் நெருப்பிடுபவராகவும் எண்ணெய் விடுபவராகவும் வேலை பார்த்த எலைஜா மெக்கோய், நீராவியின் அழுத்தத்தையே பயன்படுத்திச் சிலிண்டருக்கு எண்ணெய் கொடுக்கும் கருவிக்கு 1872இல் காப்புரிமை பெற்றார். இரண்டு பக்கமும் அழுத்தத்தைச் சமப்படுத்தினால்தான் நிறைக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும்.

7.3 எண்ணெய்த் துளை எந்தப் பக்கம்?

புதிதாகக் கிண்ணம் பூட்டுவோர் பெரும்பாலும் பேரிங்கின் உச்சியில் துளை போடுவார்கள். மேலிருந்து விழுவது கீழேதானே போக வேண்டும் என்பது அவர்கள் நியாயம். பல இடங்களில் அது சரியாகவே அமைந்துவிடும். சரியாக அமையாத இடத்தில் பேரிங் எரியும்.

1883இல் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் நிறுவகத்துக்காகப் போஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்தார். அந்த பேரிங் அச்சின் மேல்பக்கத்தில் மட்டுமே அமர்ந்திருந்தது. பாரம் மேலிருந்து அழுத்தியது. அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்து சுழன்றது. சாதாரண எண்ணெய்க் கிண்ணம் ஒன்றைப் பூட்டலாம் என்று எண்ணிப் பேரிங்கின் உச்சியில் துளை போட்டார். இயந்திரம் ஓடியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தால் எண்ணெய் தக்கையையும் வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தபோது, பேரிங் தாங்கிய சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல்தான் என்றாலும், எண்ணெயின் அழுத்தம் 200 இறாத்தலையும் தாண்டியது. சுழலும் ஷாப்ட் எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது; அந்த மெல்லிய எண்ணெய்ப் படலமே முழுப் பாரத்தையும் தூக்கி நிற்கிறது. இதன் கணக்கை 1886இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் எழுதிக் காட்டினார். இன்றைய பேரிங் வடிவமைப்பு அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஆலைக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது? பேரிங்குக்கு மேலே 30 சென்ரிமீற்றர் உயரத்தில் எண்ணெய் நின்றால் அதன் நிறை தரும் அழுத்தம் ஒரு பாரில் நாற்பதில் ஒரு பங்குதான். டவர் அளந்த 200 இறாத்தல் ஏறத்தாழ 14 பார். ஐந்நூறு மடங்குக்கு மேல் வலிமையான எதிரியை உங்கள் கிண்ணம் வெல்லப் போவதில்லை. ஆகவே சுமை அழுத்தும் பக்கத்தில் துளை இருக்கக்கூடாது. சுமைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலோ, ஷாப்ட் சுழன்று சுமைப் பக்கத்துக்குள் நுழைவதற்குக் கால் சுற்று முன்னதாகவோ துளை இருக்க வேண்டும்.

சுமைப் பக்கத்தைக் கண்டுபிடிக்க பெல்ட்டைப் பாருங்கள். ஷாப்ட் உயரத்தில் இருந்து, நெல் குற்றும் இயந்திரங்கள் நிலத்தில் இருந்தால் பெல்ட் ஷாப்ட்டைக் கீழே இழுக்கும். பேரிங்கின் கீழ்ப்பாதி சுமை தாங்கும். உச்சித் துளை நல்லது. ஷாப்ட் நிலத்தருகே இருந்து பெல்ட் மேலே போனால் ஷாப்ட் மேலே இழுபடும். அப்போது உச்சிதான் சுமைப் பக்கம். அங்கே பூட்டிய கிண்ணம் அலங்காரத்துக்குத்தான் உதவும். பெல்ட் பக்கவாட்டில் இழுத்தால் துளையை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றி, வளைந்த சிறு குழாயால் கிண்ணத்தை நிமிர்த்தி வையுங்கள்.

சந்தேகமானால் டவரின் சோதனையையே செய்து பார்க்கலாம். இயந்திரத்தை நிறுத்திக் கிண்ணத்தைக் கழற்றி, துளையில் விளிம்பு வரை எண்ணெய் விடுங்கள். எல்லோரையும் பெல்ட்டிலிருந்து விலக்கி, சுமையோடு சில நிமிடம் ஓட்டித் தள்ளி நின்று பாருங்கள். துளையில் எண்ணெய் மட்டம் இறங்கினால் இடம் சரி. பொங்கி வழிந்தால் துளையை மாற்றுங்கள். சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடும் பெல்ட்டுக்கு மேலே குனிந்து பார்க்கும் வேலை வேண்டாம்.

துளைக்கு உள்ளே, புஷ்ஷின் நீளவாக்கில் ஒரு எண்ணெய்க் காடி வெட்டியிருக்க வேண்டும். காடி இரு முனைகளையும் தொடக்கூடாது. தொட்டால் எண்ணெய் பரவாமல் வெளியே ஓடிவிடும். காடியின் விளிம்பை உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பு ஷாப்ட்டில் இருக்கும் எண்ணெயை வழித்தெடுத்துவிடும்.

7.4 எந்த எண்ணெய்

எண்ணெயின் தடிப்பைத் தகரத்தில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. என்ற எண்ணால் குறித்திருப்பார்கள். 40 பாகை செல்சியஸில் அளந்த தடிப்பு அது. மெதுவாக ஓடும் நீள ஷாப்ட்டுக்கு 68 அல்லது 100 போதும். வின்ச் போலப் பாரம் கூடி வேகம் குறைந்த இடத்துக்கு 150 எடுக்கலாம். கராஜ்களில் கிடைக்கும் எஸ்.ஏ.இ. 30 எண்ணெய் ஏறத்தாழ 100க்குச் சமம்.

எஞ்சின் ஒயிலை அவசரத்துக்கு விடலாம். ஆனால் அதில் அழுக்கையும் நீரையும் பிடித்துவைக்கும் சேர்மானம் உண்டு. மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்தால் நீர் பிரிந்து அடியில் நிற்காமல் எண்ணெயோடு கலந்து பால்போல் ஆகிவிடும். டர்பைன் எண்ணெய், ஹைட்ரோலிக் எண்ணெய் வகைகளில் நீர் தனியே பிரியும், வடித்துவிடலாம். மாற்றி எடுத்த பழைய எஞ்சின் ஒயில் இங்கே ஆகவே ஆகாது. அதில் இருக்கும் கரியும் உலோகத் துகளும் ஊசியின் வாயை அடைத்துவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது நாட்பட்டால் கெட்டுப்போகும்.

அரிசியோ மாவோ போகும் பாதைக்கு மேலே பேரிங் இருந்தால் உணவுத் தொழிலுக்கு உரிய எச்1 வகை எண்ணெயை வாங்குங்கள். பேரிங்குக்குக் கீழே தட்டு ஒன்றையும் பொருத்துங்கள். எச்1 எண்ணெய் தற்செயலாக உணவில் பட்டால் ஏற்கத்தக்கது என்றுதான் பொருள். உணவில் சொட்ட விடலாம் என்பதல்ல. குடிநீர் எடுக்கும் ஆழ்கிணற்றுப் பம்புக்கும் அந்த வகை எண்ணெய்தான்.

7.5 சொட்டை அமைக்கும் முறை

1. கிண்ணத்தில் பாதியளவு எண்ணெய் விடுங்கள். மட்டம் உயர்ந்திருக்கும்போது சொட்டு வேகமாகவும், தாழ்ந்ததும் மெதுவாகவும் விழும். பாதி மட்டத்தில் அமைத்தால் இரண்டு பக்கமும் பெரிய பிழை வராது.

2. இயந்திரத்தை இயக்குவதற்குச் சில நிமிடம் முன்னதாகவே நெம்பை நிமிர்த்துங்கள். இரவு முழுவதும் நின்ற ஷாப்ட் எண்ணெயைப் பிதுக்கிவிட்டு உலோகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். தேய்மானம் கூடுதலாக நடப்பது அந்த முதல் சுற்றுகளில்தான். ஆழ்கிணற்றுப் பம்பில் எண்ணெய் அடி பேரிங் வரை இறங்க இன்னும் நேரம் எடுக்கும்.

3. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 10 சொட்டு விழ நட்டைத் திருகுங்கள்.

4. ஒரு மணிநேரம் சுமையோடு ஓடிய பிறகு, எட்டக்கூடிய பாதுகாப்பான பேரிங்கின் உடலில் புறங்கையை வையுங்கள். ஐந்து விநாடி பொறுக்க முடிந்தால் வெப்பம் ஏறத்தாழ 55 முதல் 60 பாகைக்குள் இருக்கும். பொறுக்க முடியாவிட்டால் சொட்டைக் குறைக்கும் பேச்சே வேண்டாம், காரணத்தைத் தேடுங்கள்.

5. சூடு சாதாரணமாக இருந்தால் இரண்டு இரண்டு சொட்டாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு மணிநேரம் பாருங்கள். சூடு ஏறத் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு சொட்டுக் கூட்டி நிறுத்துங்கள்.

6. பூட்டு நட்டை இறுக்கி, அந்த எண்ணிக்கையை பேரிங்குக்கு அருகே பெயின்டால் எழுதிவிடுங்கள்.

செலவுக் கணக்குக்கு ஒரு மில்லிலீற்றருக்கு எத்தனை சொட்டு என்பது வேண்டும். அளவு போட்ட சிரிஞ்சுக் குழலில் 100 சொட்டைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 30 சொட்டு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6 சொட்டு என்றால் மணிக்கு 12 மில்லிலீற்றர். 120 மில்லிலீற்றர் கிண்ணம் 10 மணிநேரம் தாங்கும். நாளுக்கு 8 மணிநேரம், மாதம் 25 நாள் ஓடும் ஆலையில் ஒரு பேரிங் 2.4 லீற்றர் குடிக்கும். பத்து பேரிங்குக்கு 24 லீற்றர். நிறுத்தும்போது நெம்பை மடக்க மறந்தால், ஆள் இல்லாத இரவில் கிண்ணம் முழுவதும் நிலத்துக்குப் போய்விடும். காலையில் வெறும் கிண்ணத்தோடு இயந்திரம் ஓடத் தொடங்கும்.

காலையில் அமைத்த சொட்டு நண்பகலில் அப்படியே இராது. வி.ஜி. 68 எண்ணெய் 25 பாகையிலிருந்து 35 பாகைக்குப் போனால் ஊசியின் வாயால் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகமாக இறங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் இந்த வேறுபாடு தினமும் நடக்கும். வாடை மழை நாட்களில் மறுபக்கம்: காலைக் குளிரில் சொட்டு மெலியும். எனவே ஆண்டுக்கு இரண்டு முறை, கச்சான் தொடங்கும்போதும் வாடை தொடங்கும்போதும், மேலே சொன்ன ஆறு படிகளையும் மறுபடி செய்யுங்கள்.

7.6 திரியும் ஊசிப் போத்தலும்

ஊசி வால்வு இல்லாமலும் எண்ணெயை இறக்கலாம். பழைய நீராவிக் கப்பல்களின் எஞ்சின்களில் பித்தளைப் பெட்டிகள் இருந்தன. பெட்டிக்குள் நிமிர்ந்து நிற்கும் குழாய்க்குள் கம்பளி நூல் திரியை விட்டிருப்பார்கள். திரி எண்ணெயை உறிஞ்சிக் குழாயின் விளிம்புக்கு ஏற்றும். விளிம்பைத் தாண்டியதும் நிறை அதைக் கீழே இழுக்கும். எண்ணெய் திரி வழியே போவதால் அழுக்கு பெட்டியிலேயே தங்கிவிடும். தூசி நிறைந்த ஆலைக்கு இது நல்ல குணம். எண்ணெய் 2 அங்குலத்துக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் ஊட்டம் மெலிந்துவிடும் என்பதால் பெட்டியின் மட்டத்தை உயரவே வைத்திருக்க வேண்டும். கூட்டவும் குறைக்கவும் நூல் இழைகளைக் கூட்டுங்கள், குறையுங்கள். நிறுத்தத் திரியை வெளியே எடுத்துவிடுங்கள். நீர் உறிஞ்சிய திரி எண்ணெயை ஏற்காது. மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.

மறதிக்கு மருந்து ஊசிப் போத்தல். தலைகீழாக நிறுத்திய கண்ணாடிப் போத்தலின் கழுத்தில் ஒரு கம்பி தளர்வாக இறங்கி, அதன் நுனி ஷாப்ட்டின் மேலேயே தொட்டு நிற்கும். ஷாப்ட் சுழன்றால் கம்பி அதிரும். அதிர்ந்தால் எண்ணெய் கம்பியைச் சுற்றி இறங்கும். ஷாப்ட் நின்றால் எண்ணெயும் நிற்கும். மின்மோட்டரால் ஓடும் இயந்திரமானால், மோட்டரின் மின்சாரத்தோடு சேர்ந்து திறந்து மூடும் சொலினொயிட் வால்வு பூட்டிய கிண்ணமும் கடைகளில் உண்டு.

7.7 உப்பு, தூசி, ஈரம்

கடற்கரையிலிருந்து வரும் உப்புக் காற்று கிண்ணத்தில் ஊசியை அழுத்தும் இரும்புச் சுருளைத் துருப்பிடிக்க வைக்கும். பித்தளை ஊசியில் பச்சைக் களிம்பு ஏறும். இரவின் ஈரம் அரைகுறையாக நிறைந்த கிண்ணத்தின் உட்சுவரில் வேர்த்து அடியில் நீராகச் சேரும். நீர் எண்ணெயை விடக் கனமானது. எனவே மறுநாள் பேரிங்குக்கு முதலில் போவது அந்த நீர்தான். வாடைக் காலத்தில் மாலையில் கிண்ணத்தை நிரப்பி வைத்தால் வேர்ப்பதற்கு இடம் குறையும். வாரம் ஒருமுறை கிண்ணத்தைக் கழற்றி அடியில் சேர்ந்ததைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள்.

தூசி இடத்துக்கு இடம் வேறுபடும். உமியை எரித்தால் எஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நெல் ஆலைத் தூசி ஷாப்ட்டை அராவுவது இதனால்தான். புல்மோட்டைப் பக்கத்துக் கனிம மணலில் இல்மனைற்றோடு சிர்கோனும் இருக்கிறது. சிர்கோன் குவார்ட்சை விடக் கடினமானது. அதன் ஒரு துகள் வெள்ளை உலோகத்தில் பதிந்தால் ஷாப்ட்டைச் சுற்றிலும் கோடு கிழிக்கும். மூடி இல்லாத கிண்ணத்தையும் வாய் திறந்த எண்ணெய்த் தகரத்தையும் இத்தகைய இடங்களில் பாவிக்காதீர்கள். ஊற்றும் புனலில் மெல்லிய பித்தளை வலை வையுங்கள்.

இயந்திரத்துக்கு மூடி போட்டிருந்தால் கிண்ணத்தை வெளியே கொண்டுவந்து செப்புக் குழாயால் இணைக்கலாம். குழாயின் உள்விட்டம் 6 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. கிண்ணத்திலிருந்து பேரிங் வரை குழாய் ஒரே சாய்வில் இறங்க வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே நீர் தேங்கும்; மேடு விழுந்தால் காற்று அடைத்துக்கொள்ளும்.

7.8 புரொப்பெல்லர் ஷாப்ட்டும் மேல்தாங்கியும்

துறைமுகத்தில் வேலை செய்பவர் தெரிந்திருக்க வேண்டிய பகுதி இது. படகின் பின்புறத்தில் ஷாப்ட் உடலைத் துளைத்து வெளியேறும் குழலுக்குள் பேரிங் இருக்கிறது. சில படகுகளில் அதற்குக் கடல்நீரே வழுக்குத் தரும். சிலவற்றில் கையால் கிறீஸ் ஏற்றுவார்கள். எண்ணெய் நிரப்பிய குழல் என்றால் இரு முனையிலும் சீல் இருக்கும். உயரத்தில் வைத்த ஒரு சிறு மேல்தாங்கி எண்ணெயை அழுத்திக்கொண்டே இருக்கும். இங்கே நோக்கம் சொட்டு விடுவதல்ல. குழலுக்குள் இருக்கும் அழுத்தம் வெளியே கடல் தரும் அழுத்தத்தை விடச் சற்று மேலே நிற்க வேண்டும். அப்படியானால் சீல் தேய்ந்தாலும் கடல்நீர் உள்ளே புகாது.

கணக்கு எளிது. ஷாப்ட்டின் நடு, நீர்மட்டத்துக்கு 1.2 மீற்றர் கீழே இருக்கிறது என்போம். கடல்நீரின் அடர்த்தி 1025, எண்ணெயின் அடர்த்தி 900. எண்ணெய் இலேசானது என்பதால் கடலைச் சமன்செய்யவே ஷாப்ட்டுக்கு மேல் 1.37 மீற்றர் எண்ணெய் நிற்க வேண்டும். அதாவது நீர்மட்டத்துக்கு 17 சென்ரிமீற்றர் மேலே. இது வெறும் சமநிலை. இதற்கு மேல் சீல் செய்த நிறுவனம் சொல்லும் மேலதிக உயரத்தைக் கூட்டுங்கள். பெரிய கப்பல்களில் தாங்கி நீர்மட்டத்துக்கு மேல் 2 முதல் 3 மீற்றரில் இருப்பது வழக்கம். அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் சீல் நசுங்கிச் சூடேறும். எண்ணெய் கடலுக்குப் போகும்.

கடல் வற்றுவதும் பெருகுவதும் இந்தக் கணக்கில் வராது. படகும் கூடவே ஏறி இறங்குகிறது. கணக்கில் வருவது பாரம். ஐஸும் மீனும் ஏற்றி இன்னும் 30 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் ஷாப்ட்டுக்கு மேல் 1.5 மீற்றர் கடல்நீர் நிற்கும், சமன்செய்ய 1.71 மீற்றர் எண்ணெய் வேண்டும். தாங்கியோ படகோடு சேர்ந்து தாழ்ந்துவிட்டது. ஷாப்ட்டிலிருந்து அதன் உயரம் மாறவில்லை. எனவே முழுப் பாரம் ஏற்றிய நிலையை வைத்தே உயரத்தைக் கணக்கிடுங்கள். வெறுங்கப்பலுக்கும் பாரக்கப்பலுக்கும் பெரிய வேறுபாடு உள்ள சரக்குக் கப்பல்களில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு தாங்கிகள் வைத்து மாற்றிக்கொள்வார்கள்.

தாங்கியின் மட்டக் கண்ணாடியில் தினமும் ஒரு கோடு இடுங்கள். மட்டம் குறைந்துகொண்டே போனால் ஏதோ ஒரு சீல் எண்ணெயை விடுகிறது. படகுக்குள் சொட்டினால் உட்புறச் சீல். எங்கும் சொட்டைக் காணாமல் நீரின் மேல் வானவில் நிறம் படர்ந்தால் வெளிச்சீல். மட்டம் உயர்ந்தாலோ எண்ணெய் பால்நிறம் ஆனாலோ கடல்நீர் உள்ளே வருகிறது. அந்தப் படகை அடுத்த தொழிலுக்கு அனுப்பாமல் கரையேற்றுங்கள். கடலுக்குப் போகும் எண்ணெய் சட்டத்துக்கும் உரிய விடயம்: இலங்கையில் கடல் மாசைத் தடுக்க 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

7.9 குறியும் காரணமும்

தினமும் சுற்றிப் பார்க்கப் போகும் புதியவரிடம் மூத்த பாஸ் கேட்பது இப்படித்தான் இருக்கும்:

“தம்பி, கிண்ணத்தில சொட்டு விழுதெண்டு பாத்திட்டு வந்திடாத. பேரிங்கின்ர ரெண்டு முனையிலயும் ஈரம் இருக்கோ?”

“ஒரு முனை காய்ஞ்சு கிடக்கு பாஸ்.”

“அப்ப காடி அடைஞ்சிருக்கு. மத்தியானம் நிப்பாட்டினதும் கழட்டுவம்.”

கண்ணாடியில் தெரியும் சொட்டு, எண்ணெய் கிண்ணத்தை விட்டதற்கு மட்டுமே சாட்சி. பேரிங்குக்குள் போனதற்குச் சாட்சி முனைகளில் கசியும் எண்ணெய். அதன் நிறத்தையும் பாருங்கள்.

- சொட்டு மெல்ல மெல்ல நின்றுபோகிறது: காற்றுத் துளை அடைப்பு. மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள்.
- கீழ்க் கண்ணாடியில் எண்ணெய் நிரம்பி நிற்கிறது: கீழ்க் குழாயில் அடைப்பு, அல்லது துளை சுமைப் பக்கத்தில் இருக்கிறது.
- நெம்பு மடக்கியும் சொட்டுகிறது: ஊசி முனையில் அழுக்கு, அல்லது முனை தேய்ந்துவிட்டது. கழுவியும் நிற்காவிட்டால் ஊசியை மாற்றுங்கள்.
- வெளியே வரும் எண்ணெய் கறுப்பு: சூடு கூடிவிட்டது அல்லது தூசி புகுந்துவிட்டது.
- மஞ்சள் மினுக்கத்தோடு வருகிறது: பித்தளை புஷ் தேய்கிறது. ஷாப்ட்டின் நேர்நிலையைப் பாருங்கள். எண்ணெயைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.
- பால்நிறம்: நீர் கலந்துவிட்டது.
- சொட்டு சரி, துளை சரி, சூடு குறையவில்லை: பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். தளர்த்திப் பாருங்கள்.

தட்டில் சேர்ந்த எண்ணெயை மறுபடி கிண்ணத்தில் விடாதீர்கள். குளத்துப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். மூடிய பரலில் சேர்த்து, பழைய ஒயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

7.10 கிண்ணத்தை எப்போது கைவிடுவது

சொட்டுக் கிண்ணத்துக்கு எண்ணெய் கொண்டுபோகத் தெரியும். வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகத் தெரியாது. நிமிடத்துக்குச் சில சொட்டு எந்த பேரிங்கையும் குளிரவைக்காது. எனவே ஷாப்ட்டின் மேற்பரப்பு விநாடிக்குச் சில மீற்றர் வேகத்தைத் தாண்டினாலோ, சொட்டை நிமிடத்துக்கு 20க்கு மேல் கூட்டினால்தான் சூடு அடங்குகிறது என்றாலோ, பம்ப் வைத்து எண்ணெயைச் சுற்றவிடும் முறைக்கு அல்லது எண்ணெய்க் குளியலுக்கு மாறுங்கள்.

இரவு பகலாக ஓடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டாலும் கிண்ணம் பொருந்தாது. பத்து மணிநேரக் கிண்ணத்தை நிரப்பப் பத்து மணிநேரத்துக்குள் ஒருவர் வந்தே ஆக வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் பெரிய தாங்கியும் குறைமட்ட எச்சரிக்கை மணியும் வையுங்கள், அல்லது மூடிய போல் பேரிங்குக்கு மாறிவிடுங்கள். மாறுவதற்கு ஆகும் செலவை, மேலே 7.5இல் போட்ட எண்ணெய்க் கணக்கோடும் ஒரு நாள் ஆலை நின்றால் வரும் நட்டத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மெதுவாக ஓடும் ஷாப்ட்டும், தினமும் அதே ஆளும், நெம்பை நிமிர்த்தி மடக்கும் பழக்கமும் உள்ள ஆலையில் மாற்றத் தேவையில்லை. அங்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காலையில் இயக்குமுன் நெம்பு மேலே, மட்டம் பார்த்தல், சொட்டு எண்ணல், நண்பகலில் முனை ஈரமும் சூடும், மாலையில் நெம்பு கீழே, கிண்ணம் நிரப்பல். வெள்ளிக்கிழமை கழற்றிக் கழுவல். இதைச் சுவரில் எழுதி ஒட்டி, கீழே தினமும் ஒருவர் கையெழுத்திட இடம் விடுங்கள். கையெழுத்து இல்லாத நாள் எது என்று பார்த்தால், அடுத்த பேரிங் ஏன் எரிந்தது என்பதைப் பெரும்பாலும் அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.